ஒரே நடிகர், நான்கு கொலையாளிகள்: 'கொலம்போ' தொடரில் பேட்ரிக் மெக்கூகன்

1. முன்னுரை

துப்பறியும் தொடர்களில் துப்பறிவாளர் நிலையானவர். குற்றவாளி கதைக்குக் கதை மாறுபவர். துப்பறிவாளரின் பழக்கவழக்கங்களும் பேச்சும் உடையும் பார்வையாளருக்குப் பழகிப்போனவை. குற்றவாளியோ ஒரு முறை தோன்றி, பிடிபட்டு, மறைந்துவிடுபவர். ஆகவே ஒரே நடிகர் ஒரே தொடரில் பலமுறை வெவ்வேறு குற்றவாளிகளாகத் தோன்றினால், அது நம்பகத்தன்மையைக் குலைக்கும் என்பது பொதுவான எண்ணம். சென்ற ஆண்டு கைதானவர் இவ்வாண்டு வேறு பெயரில் எப்படி வந்தார் என்று பார்வையாளர் கேட்கக்கூடும். தயாரிப்பாளரின் வசதியும் நடிகர்களுக்கிடையிலான நட்புமே இதற்குக் காரணம் என்று சொல்லி, இதனைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கருதாமல் விடுவோரும் உண்டு.

இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்பது நம் நிலைப்பாடு. ஒரே குரலும் ஒரே முகமும் நான்கு வெவ்வேறு மனிதர்களாக மாறும்போது, மாறாதது எது, மாறுவது எது என்பதைத் துல்லியமாகக் காண வாய்ப்புக் கிடைக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'கொலம்போ'வில் பேட்ரிக் மெக்கூகன் 1974, 1975, 1990, 1998 ஆகிய ஆண்டுகளில் ஏற்ற நான்கு கொலையாளிப் பாத்திரங்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. இந்நால்வரும் எதைக் காக்கக் கொலை செய்கின்றனர், எதனால் பிடிபடுகின்றனர் என்னும் இரு வினாக்களே ஒப்பீட்டின் அளவுகோல்கள்.

2. தொடரின் அமைப்பும் குற்றவாளியின் இடமும்

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய இருவரும் படைத்த கொலம்போ பாத்திரத்தைப் பீட்டர் ஃபால்க் 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த தொலைக்காட்சிப் படத்தில் முதன்முறையாக ஏற்று நடித்தார். 1971 முதல் 1978 வரை என்.பி.சி. நிறுவனமும், 1989 முதல் 2003 வரை ஏ.பி.சி. நிறுவனமும் இத்தொடரை ஒளிபரப்பின. தொடக்கப் படங்களையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள் வெளிவந்துள்ளன.

இத்தொடரின் கட்டமைப்பு தலைகீழானது. கொலையாளி யார் என்பதை இறுதிவரை மறைத்துவைப்பதே துப்பறியும் கதையின் வழக்கம். இங்கே கொலை நம் கண்முன்னே தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஆஸ்டின் ஃபிரீமன் 1912-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட 'த சிங்கிங் போன்' கதைகளில் கையாண்ட உத்தி இது. கொலையாளியை முன்னரே அறிந்துகொண்ட பார்வையாளரிடம் எஞ்சியிருப்பது ஒரே வினாதான்: இவர் எவ்வாறு பிடிபடுவார்?

இவ்வமைப்பில் குற்றவாளியின் இடம் மிகவும் பெரிது. கதையின் முதற்பகுதி முழுவதும் அவருக்கே உரியது. துப்பறிவாளர் பெரும்பாலும் கொலைக்குப் பின்னரே மேடையேறுகிறார். அதற்குள் பார்வையாளர் கொலையாளியின் மனத்துக்குள் குடியேறிவிடுகிறார். ஆகவே விருந்து நடிகர் துணைப்பாத்திரம் ஏற்பவரல்லர், கதையின் இணைத்தலைவர். ஜாக் கேசிடி, ராபர்ட் கல்ப் ஆகியோர் மும்முறை கொலையாளியாக வந்தனர். மெக்கூகன் நான்கு முறை வந்தார். இதனை விஞ்சியவர் எவரும் இலர்.

மெக்கூகன் 1928-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஐரிய பெற்றோருக்குப் பிறந்து, அயர்லாந்திலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் வளர்ந்தவர். 1960-இல் தொடங்கிய 'டேஞ்சர் மேன்' தொடரில் உளவாளியாகவும், 1967-இல் தொடங்கிய 'த பிரிசனர்' தொடரில் பெயர் பறிக்கப்பட்டு எண்ணால் அழைக்கப்படும் கைதியாகவும் நடித்துப் புகழ்பெற்றார். ஒடுக்கும் நிறுவனத்தின்முன் தனிமனிதன் பணியமாட்டான் என்பதே அக்கைதிப் பாத்திரத்தின் சாரம். அப்படிப்பட்டவர் 'கொலம்போ'வில் முதன்முதலாக ஏற்ற பாத்திரம் நிறுவனத்துக்காகவே கொலை செய்யும் ஒருவருடையது என்பது கருதத்தக்கது.

3. கர்னல் ரம்ஃபோர்ட்: கடமையே குற்றமாதல்

1974 அக்டோபரில் வெளிவந்த 'பை டான்ஸ் ஏர்லி லைட்' என்னும் கதையை ஹோவர்ட் பெர்க் எழுத, ஹார்வி ஹார்ட் இயக்கினார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள சிட்டடெல் இராணுவக் கல்லூரியில் இது படமாக்கப்பட்டது. கர்னல் லைல் ரம்ஃபோர்ட் ஓர் இராணுவப் பயிற்சிப் பள்ளியின் தலைவர். மாணவர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. பள்ளியை நிறுவியவரின் பேரனான வில்லியம் ஹெயின்ஸ், அதனை இருபாலரும் பயிலும் சாதாரணக் கல்லூரியாக மாற்ற விரும்புகிறார். நிறுவனர் நாள் விழாவில் சுடப்படும் பழைய பீரங்கியின் குழாயை அடைத்து, வெடிமருந்தையும் மாற்றிவைத்து, ஹெயின்ஸ் கையாலேயே அதனை வெடிக்கச்செய்து அவரைக் கொல்கிறார் ரம்ஃபோர்ட். பீரங்கியைத் துப்புரவு செய்யும் பொறுப்பிலிருந்த மாணவன்மீது பழி விழுமாறும் பார்த்துக்கொள்கிறார்.

இக்கதையின் காலச்சூழல் கவனத்திற்குரியது. அமெரிக்காவில் கட்டாய இராணுவச் சேவை 1973-இல் முடிவுக்கு வந்தது. வியட்நாம் போரின் கசப்பு நாட்டைச் சூழ்ந்திருந்தது. சீருடைக்கு இருந்த மதிப்பு சரிந்துகொண்டிருந்த வேளையில், அந்தச் சீருடையைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லாத ஒருவரைப் படைத்தது இக்கதை.

'கொலம்போ'வின் கொலையாளிகளில் பெரும்பாலோர் செல்வர். நீச்சல் குளமுள்ள மாளிகையும் விலையுயர்ந்த காரும் அவர்களுடைய அடையாளங்கள். கசங்கிய மழைச்சட்டை அணிந்த காவலதிகாரி அந்த மாளிகைக்குள் நுழையும்போது எழும் வர்க்க முரணே தொடரின் நகைச்சுவைக்கும் கூர்மைக்கும் ஊற்று. ரம்ஃபோர்டிடம் மாளிகை இல்லை. அவர் பள்ளி வளாகத்திலேயே வாழும் ஊதியக்காரர். சொந்த ஆதாயம் கருதிக் கொலை செய்தவரல்லர். கொலம்போவும் ஊதியத்திற்குப் பணிபுரிந்து கடமையில் ஊறியவரே. இங்கே செல்வரும் எளியவரும் எதிரெதிரே நிற்கவில்லை. கடமையை இருவகையாகப் புரிந்துகொண்ட இரு பணியாளர்கள் எதிரெதிரே நிற்கின்றனர். இதனால் கொலம்போவின் வழக்கமான குறும்பு இக்கதையில் அடங்கிவிடுகிறது. இருவரும் தனித்து அமர்ந்து பேசும் காட்சியில் பகைமையைவிட மரியாதையே மேலோங்குகிறது.

மெக்கூகனின் நடிப்பு இங்கே முழுவதும் கட்டுப்பாட்டில் அமைந்தது. நிமிர்ந்த முதுகு, அளந்து வெட்டப்பட்ட சொற்கள், தேவையின்றி அசையாத கைகள் ஆகியவற்றால் மட்டுமே பாத்திரம் உருப்பெறுகிறது. கோபத்தையும் குரலை உயர்த்தாமல் தாழ்த்தியே காட்டுகிறார்.

பிடிபடும் முறைதான் இக்கதையின் சிகரம். மாணவர் சிலர் விதியை மீறி ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து, அதனை ஒரு கலத்தில் நிரப்பி, விடுதிச் சன்னலுக்கு வெளியே இரவில் தொங்கவிட்டு விடியலில் உள்ளே எடுத்துவிடுகின்றனர். ரம்ஃபோர்ட் அதனைக் கண்டுவிட்டார். கண்டதோடு நில்லாமல், விதிமீறலைத் தண்டிக்க வேண்டும் என்று விசாரணைக்கும் ஆணையிட்டார். அந்தக் கலம் பீரங்கி நின்ற இடத்திலிருந்து மட்டுமே தெரியும். விழா நாளின் விடியற்பொழுதில் மட்டுமே தெரிந்திருக்கும். அப்படியானால் அந்நேரத்தில் அவர் பீரங்கியருகே நின்றிருக்க வேண்டும். கொலைக்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்த அவ்வேளையிலும் மாணவர் ஒழுங்கை அவரால் கண்டுகொள்ளாமல் இருக்க இயலவில்லை. கண்டும் காணாததுபோல் இருந்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் அவ்வாறு இருக்கக்கூடியவர் ரம்ஃபோர்டாக இருந்திருக்கமாட்டார்.

கதைத்தலைப்பு அமெரிக்க நாட்டுப்பண்ணின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. விடியல் வெளிச்சத்தில் எது கண்ணுக்குத் தெரிகிறது என்பது அப்பாடலில் நாட்டுப்பற்றின் வினா. இக்கதையில் அதுவே குற்றத்தின் தடயம். தலைப்பும் தடயமும் பாத்திரமும் ஒரே புள்ளியில் சந்திக்கும் இத்தகைய பொருத்தம் இத்தொடரில் அரிது. இப்பாத்திரத்துக்காக மெக்கூகன் 1975-ஆம் ஆண்டில் எம்மி விருது பெற்றார்.

4. நெல்சன் பிரெனர்: அறிவே வலையாதல்

1975 நவம்பரில் வெளிவந்த 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' கதையை வில்லியம் டிரிஸ்கில் எழுத, மெக்கூகனே இயக்கி நடித்தார். நெல்சன் பிரெனர் பேச்சுகள் எழுதித்தரும் ஆலோசகராக வெளியுலகிற்குத் தோன்றும் மத்திய உளவுத்துறையினர். அவருடைய பழைய இரட்டை வேடத்தை அறிந்த சக உளவாளி அவரை மிரட்ட, பிரெனர் அவரைக் கொல்கிறார். கொல்லப்படுபவராக லெஸ்லி நீல்சன் நடித்தார்.

அமெரிக்க உளவுத்துறையின் மறைவான செயல்களை ஆராய மேலவை உறுப்பினர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும் அதே 1975-ஆம் ஆண்டில்தான். பிரெனர், கொலம்போவின் வீட்டிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தி, அவருக்குப் பிடித்த இசை எதுவென்று அறிந்து, அவருக்கே அதை இசைத்துக் காட்டுகிறார். மற்றக் கதைகளில் பிறர் வாழ்க்கையைத் துருவிப் பார்ப்பவர் கொலம்போ. இங்கே அவரையே துருவிப் பார்க்கும் அரசு ஒன்று எதிரே நிற்கிறது. இத்தலைமாற்றம் வலிமையான கருவாகும்.

ஆயினும் கருவின் வலிமையைப் பாத்திரம் முழுமையாகத் தாங்கவில்லை. பிரெனருக்கு வேடங்கள் பல. பேச்சின் வேகம் எதிர்பாராத இடங்களில் கூடிக் குறைகிறது. 'த பிரிசனர்' தொடரில் புகழ்பெற்ற விடைபெறும் தொடரை இங்கேயும் அவர் உச்சரிக்கிறார். பழைய இரசிகர்க்கு இது மகிழ்ச்சி தரலாம். ஆனால் அந்நொடியில் நாம் காண்பது பிரெனரை அன்று, மெக்கூகனை. முகமூடியே தொழிலான மனிதனுக்கு உள்முகம் ஒன்று உண்டா என்னும் வினாவைத் தலைப்பு எழுப்புகிறது. கதை அதற்கு விடைதேடாமல் முகமூடிகளின் அழகிலேயே நின்றுவிடுகிறது.

பிடிபடும் முறை மட்டும் பாத்திரத்தோடு இணைந்து அமைந்துள்ளது. கொலை நடந்த இரவில் தாம் அலுவலகத்தில் பேச்சொன்றை ஒலிநாடாவில் பதிவுசெய்துகொண்டிருந்ததாகப் பிரெனர் காட்டுகிறார். நாடாவில் சன்னல் திரையை மூடும் ஓசை கேட்கிறது. இரவில் வெயிலைத் தடுக்க வேண்டியதில்லை. மேலும் சீனர்கள் விளையாட்டுப் போட்டியிலிருந்து விலகிய செய்தி பேச்சில் இடம்பெற்றுள்ளது. அச்செய்தி கொலை நடந்த நேரத்தில் வெளிவந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அறிந்திருப்பதே பிரெனரின் பெருமை. அறிந்ததைச் சொல்லாமல் விட முடியாமையே அவருடைய வீழ்ச்சி.

5. ஆஸ்கர் ஃபின்ச்: புகழின் வாயில்

பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 1990 பிப்ரவரியில் வெளிவந்தது 'அஜெண்டா ஃபார் மர்டர்'. ஜெஃப்ரி புளூம் எழுதிய இக்கதையையும் மெக்கூகனே இயக்கினார். ஆஸ்கர் ஃபின்ச் அரசியல்வாதிகளின் பின்னிருந்து காய் நகர்த்தும் வழக்குரைஞர். அவருடைய நண்பரான பால் மேக்கி துணை அதிபர் வேட்பாளராகும் நிலையில் உள்ளார். அவர் உயர்ந்தால் ஃபின்சும் உயர்வார். இருபது ஆண்டுகளுக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு வழக்கில் சான்றை மறைத்த செய்தியை அறிந்த ஃபிராங்க் ஸ்டாப்ளின் உதவி கேட்டு மிரட்டுகிறார். ஃபின்ச் அவரைச் சுட்டுக்கொன்று தற்கொலைபோல் தோன்றச்செய்கிறார்.

முதற்கதையின் விறைப்பும் இரண்டாங்கதையின் மிகையும் இங்கே ஒரு சமநிலைக்கு வருகின்றன. ஃபின்ச் சிரிக்கிறார், மென்மையாகப் பேசுகிறார், திடீரென எரிச்சலடைகிறார். அதிகாரத்தை அடுத்திருப்பவர்க்கு உரிய பதற்றம் அவருடைய ஒவ்வோர் அசைவிலும் உண்டு. இப்பாத்திரத்துக்காக 1990-இல் மெக்கூகன் இரண்டாம் முறையாக எம்மி விருது பெற்றார்.

ஃபின்சைக் காட்டிக்கொடுப்பது அவருடைய வாய். கொலை நடந்த அறையிலிருந்த பாலாடைக்கட்டியில் பதிந்த பற்குறியும், அவர் மென்று எறிந்த மெல்லும் பசையிலுள்ள பற்குறியும் ஒத்துப்போகின்றன. சொல்லால் உலகை வளைக்கும் வழக்குரைஞர், சொல்லாத வாயால் பிடிபடுகிறார். கொன்ற இடத்தில் நின்று கொறிக்கும் அந்த அலட்சியத்தில், தாம் தொட்டது எதுவும் தம்மைச் சுடாது என்று நம்பும் மனம் வெளிப்படுகிறது.

இன்றைய பார்வையாளர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். பற்குறிச் சான்றின் அறிவியல் அடிப்படை பின்னாளில் பெரிதும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் 2009-இல் வந்த அறிக்கையும், அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழு 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் அதனைக் கடுமையாக வினவின. அவ்வறிக்கைகள் முதன்மையாக மனிதத் தோலில் பதியும் குறிகளைப் பற்றியவை. வடிவம் மாறாத பொருளில் பதியும் குறியின் நிலை வேறு. ஆயினும் 1990-இல் இறுதி முத்திரையாகத் தோன்றிய தடயம் இன்று விவாதத்திற்கு உரியதாகிவிட்டது. ரம்ஃபோர்டை வீழ்த்திய தடயத்திற்கு இந்நிலை நேராது. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. பாத்திரத்தின் இயல்பில் பிறந்தது.

6. எரிக் பிரின்ஸ்: பெருமிதத்தின் சாம்பல்

1998 அக்டோபரில் வெளிவந்த 'ஆஷஸ் டு ஆஷஸ்' நான்காவது கதை. இயக்கமும் மெக்கூகனே. எரிக் பிரின்ஸ், ஹாலிவுட் நட்சத்திரங்களின் இறுதிச்சடங்குகளை நடத்தும் நிறுவன உரிமையாளர். இறந்த நடிகை ஒருவரின் உடலிலிருந்து அவர் திருடிய வைர அணியே அவருடைய செல்வத்தின் முதல். அதனை வெளியிடப் போவதாகச் சொல்லும் முன்னாள் காதலியும் கிசுகிசு எழுத்தாளருமான வெரிட்டி சேண்ட்லரை அவர் கொன்று, வேறொருவருக்குரிய தகனத்தில் உடலை எரித்துவிடுகிறார். கொல்லப்படுபவராக ரூ மெக்கிளனகன் நடித்தார். மெக்கூகனின் மகள் கேத்தரின் மெக்கூகனும் இதில் தோன்றுகிறார்.

உடலே இல்லாமற் செய்வது கொலையாளிக்குத் தொழில்வழி கிடைத்த வசதி. ஆனால் உடல்களின் வரிசையை மாற்றியதால், ஒருவருடைய சாம்பலில் இருக்கக்கூடாத சிறு உலோகத் துண்டு அங்கே எஞ்சிவிடுகிறது. தொழில் மறைத்ததைத் தொழிலே திருப்பித் தருகிறது.

இக்கதையைத் தொடரின் தளர்ச்சிக்காலப் படைப்பு என ஒதுக்குவது எளிது. வேகம் குறைவு, அங்கத நகைச்சுவை சில இடங்களில் நீள்கிறது. முதன்மை நடிகர் இருவரும் அப்போது எழுபதைத் தொட்டிருந்தனர். ஆயினும் முந்தைய மூன்று பாத்திரங்களின் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது பிரின்சுக்கு ஒரு கசப்பான பொருள் கிடைக்கிறது. ரம்ஃபோர்ட் மாணவரைப் போருக்கு ஆயத்தம் செய்தார். பிரின்ஸ் உடல்களைப் பார்வைக்கு ஆயத்தம் செய்கிறார். முன்னவரின் சடங்கு நம்பிக்கையின் வெளிப்பாடு; பின்னவரின் சடங்கு விற்பனைப் பொருள். இருவரும் சீராக உடுத்தி, ஒழுங்கைப் போற்றி, விழாவை நடத்துபவர்களே. ஒரே நடிகர் ஏற்றமையால்தான் இந்த எதிரொலி நமக்குக் கேட்கிறது.

7. நான்கு பாத்திரங்களும் பெருமிதமும்

இந்நால்வரையும் ஒரு பொதுச்சொல்லால் சுட்டவேண்டுமானால், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் 'பெருமிதம்' என்னும் சொல் பொருத்தமானது. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இத்தொடரை எழுதியவர்கள் இவ்விலக்கணத்தை அறிந்தவர்களல்லர். நாமும் அதனை அவர்கள்மீது ஏற்றிக் காணவில்லை. ஆனால் பெருமிதத்தைக் குற்றமாகவோ செருக்காகவோ காணாமல், அது எதன்மீது நிற்கிறது என்று கேட்கும் முறை நம் ஒப்பீட்டிற்குத் தெளிவு தருகிறது.

ரம்ஃபோர்டின் பெருமிதம் தறுகண்மீது நிற்பது. பிரெனரின் பெருமிதம் கல்விமீது, அதாவது அறிந்திருத்தல்மீது நிற்பது. ஃபின்சின் பெருமிதம் புகழை நாடுவது. அப்புகழும் இன்னொருவர் பெயரால் வரவேண்டியது. பிரின்சுக்கு நான்காவதான கொடை பொருந்தாது. இறந்தவரிடமிருந்தே எடுத்தவர் அவர். கொடைக்கு நேர் எதிரான செயலின்மீது தம் மதிப்பைக் கட்டியவர். ஆகவே அவரிடம் பெருமிதத்தின் தோற்றம் மட்டுமே உண்டு.

இவ்வரிசையில் ஒரு சரிவைக் காண்கிறோம். முதலாமவர் காப்பது தமக்கு அப்பாற்பட்ட ஒரு நிறுவனத்தை. இரண்டாமவர் காப்பது தம் மறைவை. மூன்றாமவர் காப்பது வரவிருக்கும் பதவியை. நான்காமவர் காப்பது திருட்டில் தொடங்கிய தொழிலை. காக்கப்படும் பொருள் சிறுக்கச் சிறுக்க, கொலம்போவின் நடத்தையும் மாறுகிறது. ரம்ஃபோர்டிடம் காட்டிய மரியாதையை அவர் மற்ற மூவரிடமும் காட்டவில்லை. பிடிபட்டபின்னும் ரம்ஃபோர்ட் வருந்தவில்லை. செய்தது சரியே என்று நிற்கிறார். மற்றவர்களுக்கு வீழ்ச்சி என்பது தோல்வி. அவருக்கோ அது கடமையின் மற்றுமொரு பகுதி.

இங்கேதான் நாம் ஒரு சங்கடத்தை எதிர்கொள்கிறோம். ரம்ஃபோர்டை மதிக்கத் தூண்டும் இக்கதை அவருடைய குற்றத்தை மென்மைப்படுத்துகிறதா? இல்லை என்பது நம் விடை. தன்னலமற்ற கொலையாளியே நால்வரிலும் மிகுந்த அச்சத்திற்கு உரியவர். பிரெனரையும் ஃபின்சையும் பிரின்சையும் ஆசை இயக்குகிறது. ஆசைக்கு எல்லை உண்டு, பேரமும் உண்டு. ரம்ஃபோர்டிடம் பேரம் பேச முடியாது. தாம் காக்கவேண்டிய மாணவன் ஒருவன்மீதே பழியைச் சுமத்த அவர் தயங்கவில்லை. நிறுவனத்தைக் காக்கும் பொருட்டு அந்நிறுவனத்தின் உயிரான இளைஞனைப் பலியிடத் துணிவது அவருடைய அறத்தின் உள்முரண். கதை இதனை உரக்கச் சொல்லாமல் காட்டுகிறது. கொலம்போ மாணவர் விடுதியிலேயே தங்குவதும் அந்த இளைஞனின் பக்கம் நிற்பதும் இம்முரணுக்கான மறுமொழியாகும்.

8. நடிகரும் இயக்குநரும்

நான்கு கதைகளுள் முதலாவதை மட்டுமே வேறொருவர் இயக்கினார். மற்ற மூன்றையும் மெக்கூகனே இயக்கினார். தாம் நடிக்காத இரு கதைகளையும் 1976-இலும் 2001-இலும் அவர் இயக்கியுள்ளார். அவற்றுள் 1976-இல் வந்த 'லாஸ்ட் சல்யூட் டு த கொமடோர்' கொலையாளி யார் என்பதை மறைத்து, தொடரின் அடிப்படை அமைப்பையே மாற்றிப் பார்த்த முயற்சி.

தொடரின் இலக்கணத்தை மீறும் விருப்பம் இயக்குநர் மெக்கூகனிடம் வெளிப்படையாக உண்டு. இது தொடருக்குப் புத்துணர்ச்சி தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடிகர் மெக்கூகனுக்கு அது எப்போதும் நன்மை செய்யவில்லை. தம்மைத் தாமே இயக்கியபோது அவர் நடிப்பில் விளையாட்டு மிகுந்தது. விளையாட்டு மிக்க இடங்களில் பாத்திரத்தின் கனம் குறைந்தது. ஃபின்சில் விளையாட்டும் கனமும் ஒத்து நின்றன. பிரெனரிலும் பிரின்சிலும் தராசு சாய்ந்துவிட்டது. வேறொருவர் கட்டுப்பாட்டில் நின்று, கட்டுப்பாட்டையே உயிராகக் கொண்ட ஒருவரை நடித்த 1974-ஆம் ஆண்டுப் பாத்திரமே நான்கினுள் முதன்மையானது என்பது நம் மதிப்பீடு.

9. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவதாக, ஒரே நடிகர் மீண்டும் மீண்டும் கொலையாளியாக வருவது குறையன்று. பாத்திரங்கள் ஒன்றையொன்று விளக்குவதற்கு அது வழிசெய்கிறது. இரண்டாவதாக, மெக்கூகனின் நான்கு பாத்திரங்களும் தம் பெருமை எதில் உள்ளதோ அதனாலேயே பிடிபடுகின்றன. தடயம் பாத்திரத்தின் இயல்பிலிருந்து எவ்வளவு பிறக்கிறதோ, கதை அவ்வளவு நிலைத்து நிற்கிறது. மூன்றாவதாக, எதிர்நிலைப் பாத்திரத்திற்கு மேன்மை தருவது தீமையை நியாயப்படுத்துவதாகாது. நற்பண்பு எந்த இடத்தில் குற்றமாக மாறுகிறது என்பதைக் காட்ட அம்மேன்மை இன்றியமையாதது.

பாத்திரப் படைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. வகுப்பறையில் பாத்திரப் பண்புகளைப் பட்டியலிடச் சொல்கிறோம். மாணவர் நல்லவன், கோபக்காரன், பிடிவாதக்காரன் என்று எழுதி முடித்துவிடுகின்றனர். இவன் எதைக் காக்க விரும்புகிறான், எது இவனைக் காட்டிக்கொடுக்கிறது என்னும் இரு வினாக்களைக் கேட்கச் செய்தால், சிறுகதையாயினும் காப்பியமாயினும், மாணவர் பண்புகளின் பெயர்களைக் கடந்து அவற்றின் விளைவுகளைக் காணத் தொடங்குவர்.

மெக்கூகன் 2009 ஜனவரியிலும் ஃபால்க் 2011 ஜூனிலும் மறைந்தனர். இருவரும் கால் நூற்றாண்டுக் காலத்தில் நான்கு முறை எதிரெதிரே நின்று நடித்த இக்கதைகளைத் தனித்தனியாகக் காண்போர் நான்கு கொலைகளைக் காண்பர். வரிசையாகக் காண்போர், ஒரு மனிதனின் பெருமிதம் எதன்மீது நிற்கிறது என்பதே அவன் குற்றத்தின் தன்மையையும் முடிவு செய்கிறது என்பதைக் காண்பர்.